சான்று தேடும் வழி: சேலம் வந்த துறவியும் அவர்மேல் விழுந்த பழியும்

வாதிடுவது எளிது, வாதத்திற்குச் சான்று காட்டுவது அரிது. தேநீர்க் கடையிலும் திண்ணையிலும் நாம் நாள்தோறும் வாதிடுகிறோம். கேட்பவர் நம்மவராயின் தலையசைக்கிறார். அல்லாதவராயின் முகம் திருப்பிக்கொள்கிறார். இருவருமே நம்மிடம் சான்று கேட்பதில்லை. அதே வாதத்தை எழுத்தில் வடிக்கும்போது நிலைமை மாறிவிடுகிறது. பேச்சு காற்றோடு போய்விடும், எழுத்து நிற்கும். நிற்கும் எழுத்தை நோக்கி, "இதை நீ எங்கே கண்டாய்?" என்ற வினா என்றேனும் ஒருநாள் வந்தே தீரும்.

பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பயிலும் நம் பிள்ளைகள் இன்று வாதக் கட்டுரைகள் எழுதப் பணிக்கப்படுகிறார்கள். ஒரு கருத்தை எடுத்துக்கொண்டு, அதற்கு ஆதாரம் காட்டி, மறுப்புக்கு விடை கூறி நிலைநாட்டுவதே வாதக் கட்டுரை. நாம் வாழும் சேலத்து அம்மாபேட்டையிலும் மாணவர் கையில் கைப்பேசி இருக்கிறது. கேட்ட நொடியில் விடை வந்து நிற்கிறது. வந்த விடையைக் கட்டுரையாக்கி ஒப்படைத்துவிடுகிறார்கள். பாவு ஓட்டாமல் ஊடையை மட்டும் கொண்டு துணி நெய்ய முடியாது என்பதைத் தறியோசை கேட்டு வளர்ந்த அம்மாபேட்டைப் பிள்ளைகளுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. வாதக் கட்டுரைக்குப் பாவு போன்றது சான்று. அதை எங்கே தேடுவது, கிடைத்ததை எவ்வாறு சோதிப்பது என்பதை ஒரு வரலாற்று வழக்கின் துணையோடு காண்போம். அந்த வழக்கு நம் மண்ணுக்கு அயலானதன்று.

இரண்டு கட்டுரைகள், ஓர் ஆசான்

1577-இல் பிறந்த இத்தாலியரான இராபர்ட் தெ நோபிலி அடிகளார் 1605-இல் கோவா வந்து சேர்ந்தார். 1606-இன் இறுதியில் மதுரையை அடைந்தார். தத்துவ போதகர் என்ற பெயரோடு காவி உடுத்தி, புலால் நீக்கி, தமிழும் வடமொழியும் கற்றார். 1623-இல் மதுரையை விட்டுப் புறப்பட்டு, திருச்சிராப்பள்ளி, சேந்தமங்கலம் வழியாகச் சேலம் வந்தார். இப்பகுதியில் நற்செய்தி வேரூன்றிய வரலாறு அவருடைய வருகையிலிருந்தே எழுதப்படுகிறது. 1930-இல் உருவான சேலம் மறைமாவட்டத்திற்கு முந்நூறு ஆண்டு முன்னோடி அவர் எனலாம்.

அவர் வாழ்வே ஒரு நீண்ட வாதம். கிறிஸ்தவரான பிராமணர் பூணூலும் குடுமியும் சந்தனமும் தொடர்ந்து அணியலாமா என்பது அன்று எழுந்த கேள்வி. அவை சமூக நிலையைக் காட்டும் அடையாளங்களே, வழிபாட்டுச் சின்னங்கள் அல்ல என்றார் நோபிலி. அவருக்கு முன்பே மதுரையில் பணிபுரிந்துவந்த இயேசு சபைக் குரு கொன்சாலோ பெர்னாண்டஸ் அதை மறுத்தார். நோபிலி 1613-இல் இலத்தீனில் ஒரு கட்டுரை எழுதினார். மனு முதலிய வடமொழி நூல்களிலிருந்து மேற்கோள்கள் எடுத்து, அவற்றின் பொருளை விளக்கித் தம் கருத்தை நிறுவ முயன்றார். பெர்னாண்டஸும் வாளாவிருக்கவில்லை. 1616-இல் போர்த்துக்கீசிய மொழியில் பிராமணச் சடங்குகளைப் பற்றிய விரிவான ஏடு ஒன்றைத் தொகுத்தார். அவரும் வடமொழி நூல்களையே சான்றாகக் காட்டினார்.

இதில் வியப்புக்குரிய செய்தி ஒன்றுண்டு. நோபிலிக்கு வடமொழி கற்பித்த சிவதர்மர் என்னும் பிராமண அறிஞரே பெர்னாண்டஸுக்கும் நூற்பகுதிகளைத் தேர்ந்து தந்து உதவினார். ஆசான் ஒருவரே, அவர் திறந்த நூல்வெளியும் ஒன்றே, எட்டிய முடிவுகள் எதிரெதிரானவை. சான்று தானே பேசுவதில்லை என்பதையும், எந்தப் பகுதியை எடுக்கிறோம், எதை விடுகிறோம் என்பதில் எழுதுவோனின் நேர்மை அடங்கியிருக்கிறது என்பதையும் இந்நிகழ்ச்சி நமக்குக் கற்பிக்கிறது. 1619-இல் கோவாவில் கூடிய அவையில் இவ்வாதம் முட்டி மோதியது. 1623 சனவரி 31 அன்று திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியார் நோபிலியின் பக்கம் நின்று, சில வரையறைகளோடு இசைவு அளித்தார். அந்த ஆண்டில்தான் நோபிலி சேலம் வந்தார்.

பழி பிறந்த கதை

நோபிலி 1656-இல் மயிலாப்பூரில் இறந்தார். அவர் இறந்து ஒரு நூற்றாண்டுக்குப் பின், 1760-இல், இந்தியாவிலிருந்து திரும்பிய மோதாவ் என்னும் பிரெஞ்சுப் பிரபு ஒரு கையெழுத்துப் படியை வால்டேருக்குக் கொடுத்தார். 'எசூர்வேதம்' என்பது அதன் பெயர். யசுர் வேதத்தின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு எனச் சொல்லப்பட்டது. வால்டேர் அதை மெய்யென நம்பி 1761-இல் பாரிசு அரச நூலகத்திற்கு அளித்தார். விவிலியத்துக்கு முற்பட்ட தூய சமய அறிவு இந்தியாவில் இருந்தது என்று திருச்சபையை எதிர்த்து வாதிட அவருக்கு அது படைக்கலமாயிற்று. 1778-இல் அந்நூல் சுவிட்சர்லாந்தின் இவெர்தோன் நகரில் அச்சேறியது.

ஆனால் அது வேதமே அன்று. உருவ வழிபாட்டை மறுத்து ஒரே கடவுளை வலியுறுத்தும் உரையாடல் நூல் அது. இந்தியாவில் பயணம் செய்த சொன்னெரா 1782-இல் வெளியிட்ட பயண நூலில், இது மறைபரப்பாளர் ஒருவர் எழுதிய சமயவாத நூலே என்று எடுத்துக்காட்டினார். திருச்சபைக்கு எதிராக வால்டேர் ஏந்திய படைக்கலம் திருச்சபையைச் சேர்ந்த ஒருவரின் கைவேலையாய் இருந்தது!

அப்படியானால் அதை எழுதியவர் யார்? சென்னைக் கலெக்டராயிருந்தவரும், தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்பதை 1816-இலேயே எடுத்துரைத்தவருமான எல்லிஸ், புதுச்சேரியில் கத்தோலிக்க மறைபரப்பாளரிடம் இருந்த இவ்வகைக் கையெழுத்துப் படிகளை ஆராய்ந்தார். அவர் 1819-இல் மறைந்தார். அவருடைய கட்டுரை 1822-இல் கல்கத்தாவில் 'ஏசியாட்டிக் ரிசர்ச்சஸ்' என்னும் ஆய்விதழின் 14-ஆம் தொகுதியில் வெளிவந்தது. அதில்தான் நோபிலியின் பெயர் இந்நூலோடு இணைக்கப்பட்டது. அதன்பின் நூலுக்கு நூல் அச்செய்தி தாவியது. 'சேலம் வந்த அந்தத் துறவி பொய் வேதம் புனைந்தவர்' என்ற பழி இன்று இணையத்திலும் உலவுகிறது.

நம் பங்கைச் சேர்ந்த ஒரு மாணவி இதைப் படிப்பதாகக் கொள்வோம். அவள் முன் இரண்டு எளிய வழிகள் இருக்கின்றன. பலரும் எழுதியிருப்பதால் உண்மையென ஏற்கலாம். நம் சமயத்தாரை இழித்துரைப்பதால் பொய்யெனச் சினந்து தள்ளலாம். இரண்டுமே ஆய்வு ஆகா. மூன்றாவது வழி சற்று நீண்டது. அதில் நாமும் உடன் நடப்போம்.

மூலத்தை நோக்கிப் பின்னோக்கி நடத்தல்

முதற்படி, இச்செய்தியை முதலில் சொன்னவர் யார் என்று காண்பது. பத்துப் பேர் சொல்லியிருக்கிறார்கள் என்பதால் பத்துச் சான்றுகள் கிடைத்துவிடவில்லை. பத்துப் பேரும் ஒருவரையே பார்த்து எழுதியிருந்தால் சான்று ஒன்றே. இன்றைய நூல் யாரைக் காட்டுகிறது, அவர் யாரைக் காட்டுகிறார் என்று அடிக்குறிப்புகளைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடந்தால், பெரும்பாலான வழிகள் எல்லிஸின் வீட்டு வாசலில் வந்து முடிகின்றன.

இரண்டாம்படி, எல்லிஸ் எதை ஆதாரமாகக் கொண்டார் என்று பார்ப்பது. புதுச்சேரிக் கிறிஸ்தவரிடையே அவ்வாறு ஒரு செவிவழி மரபு இருந்தது என்பதே அவர் தரும் ஆதாரம். நோபிலி மறைந்து ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் கடந்த பின், அவர் வாழ்ந்திராத ஊரில் கேட்ட செய்தி அது. எல்லிஸ் பேரறிஞர், ஆனால் பேரறிஞர் கேட்டெழுதிய செவிவழிச் செய்தியும் செவிவழிச் செய்தியே.

மூன்றாம்படி, குற்றம் சாட்டப்பட்ட நூலையே எடுத்துப் பார்ப்பது. எசூர்வேதம் பிரெஞ்சு மொழியில் உள்ளது. நோபிலி இலத்தீனிலும் போர்த்துக்கீசியத்திலும் தமிழிலும் எழுதியவர். அந்நூலில் உரையாடும் முனிவருள் ஒருவரான வியாசரின் பெயர் 'பியாச்' என்று வருகிறது. யசுர் என்பது 'எசூர்' ஆகியிருக்கிறது. வகரம் பகரமாகும் இவ்வொலிப்பு வங்காளப் பக்கத்தின் வழக்கு. மதுரையிலும் சேலத்திலும் வடமொழி கேட்டவர் எவரும் 'பியாச்' என்று எழுதியிருக்கமாட்டார். நோபிலியோ வங்காளத்தில் பணிபுரிந்தவர் அல்லர்.

நான்காம்படி, நமக்கு முன் இத்துறையில் உழைத்தவர்களின் ஆய்வை நாடுவது. லூடோ ரோஷே என்னும் வடமொழி அறிஞர் 1984-இல் எசூர்வேதத்தின் மூலத்தை விரிவான முன்னுரையோடு பதிப்பித்தார். அதைப் பதினெட்டாம் நூற்றாண்டின் பிரெஞ்சு வேதம் என்று நூலின் தலைப்பிலேயே அவர் குறித்துவிட்டார். ஆசிரியர் இன்னார் என அறுதியிட முடியாவிடினும், அக்காலத்துப் பிரெஞ்சு இயேசு சபையார் ஒருவராயிருத்தல் கூடும் என்பதே ஆய்வின் போக்கு. பதினேழாம் நூற்றாண்டின் இத்தாலியத் துறவிக்கு அங்கே இடமில்லை.

நமக்கு ஒவ்வாத சான்றையும் எழுதுதல்

இத்துடன் கட்டுரையை முடித்துக்கொண்டால் வெற்றி பெற்ற மகிழ்ச்சி நமக்கு இருக்கும். ஆனால் வாதக் கட்டுரையின் நேர்மை இனிமேல்தான் தொடங்குகிறது. தேடும்போது கிடைத்தவற்றுள் நமக்கு உவப்பற்றவையும் உண்டு.

பொய் வேதத்தை நோபிலி எழுதவில்லை என்றாலும், மறைபரப்பாளர் ஒருவர் எழுதினார் என்பதே ஆய்வின் முடிவு. அதை மறைத்தல் ஆகாது. மேலும், மறைந்துபோன வேதம் ஒன்று உண்டு என்ற நம்பிக்கையைத் துணையாகக் கொண்டு, மீட்பளிக்கும் அந்த மறையையே தாம் கற்பிப்பதாக நோபிலி பேசியதும் உண்டு. பழி அவர்மேல் எளிதில் ஒட்டிக்கொண்டதற்கு அப்பேச்சும் ஒரு காரணமாயிருக்கலாம். எல்லாவற்றிற்கும் மேலாக, சாதி வேற்றுமையை அவர் சமூக வழக்கு என்று ஏற்றுக்கொண்டு மறைப்பணியை அதன்மேல் அமைத்தார். அதற்குச் சான்று தேடிப் பகைவரிடம் செல்ல வேண்டியதில்லை. அவருடைய 1613-ஆம் ஆண்டுக் கட்டுரையே போதும். அந்தச் சுமையைத் தமிழகத் திருச்சபை இன்னும் முழுமையாக இறக்கி வைத்தபாடில்லை. பொய்ப் பழியிலிருந்து ஒருவரை விடுவிக்கும் அதே கை, அவர் விட்டுச்சென்ற மெய்யான சிக்கலையும் எழுத வேண்டும். அப்போதுதான் அம்மறுப்பைப் பிற சமயத்து அன்பரும் நம்பிப் படிப்பார்.

இவ்விடத்தில் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயரை நினைவுகூர்தல் தகும். வத்திக்கான் ஆவணக் காப்பகத்தை 1881-இல் ஆய்வாளர்க்குத் திறந்துவிட்டவர் அவர். பொய் சொல்லத் துணியாமையும் மெய் சொல்ல அஞ்சாமையும் வரலாற்றின் முதல் விதிகள் என்னும் கருத்தை 1883-இல் எழுதிய மடலில் அவர் வலியுறுத்தினார். கதவைத் திறந்தால் பகைவரும் உள்ளே வருவர் என்பதை அவர் அறியாதவர் அல்லர். அறிந்தே திறந்தார்.

நூலகத்தின் படியேறுதல்

இத்தகைய சான்றுகளை அம்மாபேட்டையிலிருந்து தேடிச் செல்ல முடியுமா என்று கேட்கலாம். நமக்கு முன் தேடியவர்கள் நடந்த தொலைவை எண்ணினால் அக்கேள்வி எழாது.

1880-இல் கும்பகோணத்தில் முன்சீபாகப் பணியாற்றிய சேலம் இராமசுவாமி முதலியார், இளம் ஆசிரியரான உ.வே. சாமிநாதையரிடம் என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று வினவினார். அந்தாதிகளும் கலம்பகங்களும் புராணங்களுமாகச் சொல்லப்பட்ட நீண்ட பட்டியல் அவருக்கு நிறைவு தரவில்லை. அவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்டு, சீவக சிந்தாமணிப் படியைக் கையில் கொடுத்தார். ஐயர் ஏட்டுச் சுவடிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்து, படிகளை ஒப்பிட்டு, 1887-இல் அதைப் பதிப்பித்தார். சேலத்துக்காரர் ஒருவரின் கேள்வி, தமிழுலகையே மூலத்தின் பக்கம் திருப்பியது.

நம் சேவியர் தனிநாயகம் அடிகளார் 1954-இல் ஐரோப்பிய நூலகங்களில் தமிழ்ச் சுவடிகளையும் பழைய அச்சு நூல்களையும் தேடிச் சென்றார். 1679-இல் அம்பலக்காட்டில் அச்சான அந்தாம் தெ புரோவென்சா அடிகளாரின் தமிழ்–போர்த்துக்கீசிய அகராதியை வத்திக்கான் நூலகத்தில் கண்டு, 1966-இல் கோலாலம்பூரில் மறுபதிப்பாக வெளிவரச் செய்தார். நோபிலியின் 'ஞானோபதேச காண்டம்', 'ஆத்தும நிருணயம்', 'தூஷண திக்காரம்' போன்ற தமிழ் நூல்களை இராசமாணிக்கம் அடிகளார் தேடித் தொகுத்துப் பதிப்பித்தார். இவற்றுள் 'தூஷண திக்காரம்' என்பதற்கு, கூறப்பட்ட பழிகளுக்கு மறுப்பு என்பது பொருள்.

இவர்கள் கப்பலேறிக் கண்டவற்றுள் பலவற்றை நாம் இன்று மேசையருகே அமர்ந்து காணலாம். ஆயினும் தேடல் அருகிலிருந்து தொடங்குவதே முறை. 1948-ஆம் ஆண்டுச் சென்னைப் பொது நூலகச் சட்டம் நம் மாநிலத்திற்கு மாவட்ட நூலகங்களையும் கிளை நூலகங்களையும் தந்தது. நாம் செலுத்தும் வீட்டு வரியோடு சேர்ந்து நூலக வரியும் செல்கிறது. ஆகவே அங்கு நுழைவது சலுகையன்று, உரிமை. பொருளின் பெயரைச் சொல்லி நூலகரிடம் கேளுங்கள். கேட்ட நூல் நிற்கும் அடுக்கில் அதன் இருபுறமும் உள்ள நூல்களையும் புரட்டுங்கள். கைப்பேசி நாம் கேட்டதை மட்டுமே தரும். கேட்கத் தெரியாததையும் காட்டுவது நூலக அடுக்கு. நல்லதொரு நூல் கிடைத்தால் அதன் பின்பக்கத்து நூற்பட்டியலைப் படியெடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த பயணத்திற்கு அதுவே வழித்துணை.

மாவட்டத்தில் கிடைக்காதது சென்னையில் கிடைக்கக்கூடும். 1896-இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகம் 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டில் வெளிவரும் நூல்களைப் பெறும் நூலகங்களுள் ஒன்று. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாளெல்லாம் சேர்த்த அச்சு நூல்களும் இதழ்களும் அவர் பெயர் தாங்கிய ஆராய்ச்சி நூலகத்தில் உள்ளன. இயேசு சபையின் பழைய மதுரை மறைப்பணி ஆவணங்களுக்குக் கொடைக்கானலை அடுத்த செண்பகனூர் காப்பகம் புகழ்பெற்றது.

இணையத்தின் வாயில்கள்

இணையத்திலும் நூலகம் உண்டு, சந்தையும் உண்டு. வேறுபாடு அறிந்து நுழைய வேண்டும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம், ஈழத்து நூல்களைத் திரட்டும் நூலகம் நிறுவனம், உலகளாவிய இன்டர்நெட் ஆர்க்கைவ், பிரெஞ்சுத் தேசிய நூலகத்தின் காலிக்கா ஆகியவை நூலகங்கள். இங்கே நூலின் பக்கமே படமாக நம் முன் விரிகிறது. மதுரைத் திட்டத்தில் பக்கப் படத்துக்குப் பதிலாகத் தட்டெழுதிய பாடம் கிடைக்கிறது. எல்லிஸின் கட்டுரை அடங்கிய 1822-ஆம் ஆண்டுத் தொகுதியையும், பெர்த்ராண் அடிகளார் 1847 முதல் 1854 வரை பிரெஞ்சில் நான்கு தொகுதிகளாக வெளியிட்ட மதுரை மறைப்பணிக் கடிதங்களையும் இவ்வாறே தேடிக் காணலாம்.

தேடுவோர் மனத்திற்கொள்ள வேண்டியவை சில. ஒரு பெயர் பல வடிவில் எழுதப்படும். தெ நோபிலி, நொபிலி, தத்துவ போதகர் ஆகிய பெயர்கள் ஒவ்வொன்றாலும் தேட வேண்டும். ஊர்கள் எல்லை மாறியிருக்கும். சேந்தமங்கலம் இன்று 1997-இல் பிரிந்த நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. அதன் பழைய செய்திகளை 1883-இல் லெ பானு எழுதிய சேலம் மாவட்டக் கையேட்டில் தேட வேண்டும். பழைய அச்செழுத்தைக் கணினி தவறாகப் படிப்பதுண்டு; ஆதலால் தேடலில் ஒரு சொல் அகப்படவில்லையெனில் அது நூலில் இல்லை என்று முடிவு கட்டலாகாது. பொருளடக்கத்தைத் திறந்து பக்கம் பக்கமாகப் பார்க்க வேண்டும். மொழிபெயர்ப்பு கிடைத்தால் அதை மொழிபெயர்ப்பு என்றே குறிக்க வேண்டும்; பெர்த்ராண் தருவது கடிதங்களின் பிரெஞ்சு வடிவமே. வினாவுக்கு விடை எழுதித் தரும் புதிய கணினிச் செயலிகள் இல்லாத நூலையும் இருப்பதுபோல் கூறிவிடக்கூடும். அவை காட்டும் ஒவ்வொரு நூலையும் நூலகப் பட்டியலில் கண்ணாரக் கண்டபின்னரே நம்ப வேண்டும். நாம் படித்த பக்கத்தின் எண்ணை அப்போதே குறித்துவைக்க வேண்டும்.

மின்படிகளின் அருமையை உணர 1981-ஐ நினைத்தால் போதும். அவ்வாண்டு சூன் முதல் நாளை ஒட்டிய இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையாக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் அரிய சுவடிகளும் சாம்பலாயின. வேறு படி இல்லாதிருந்தவை என்றென்றைக்கும் போயின. அவற்றைச் சான்றாகக் காட்டி எழுதப்பட்டிருக்கக்கூடிய எத்தனையோ வாதங்களும் அவற்றோடு எரிந்தன.

சாட்சி சொல்லும் கடமை

பிறருக்கு எதிராகப் பொய்ச்சான்று சொல்லலாகாது என்பது எட்டாம் கட்டளை. நீதிமன்றக் கூண்டில் நிற்பவனுக்கு மட்டும் உரியதாக அதை நாம் ஒதுக்கிவிடுகிறோம். ஆராயாமல் ஒரு செய்தியைக் கைப்பேசியில் அடுத்தவருக்கு அனுப்பும் விரலும் சாட்சி சொல்லும் விரலே. நோபிலியைப் பற்றிய பழியைப் பரப்பியவர்களுள் பெரும்பாலோர் பொய்யரல்லர். முன்னவர் எழுதியதை நம்பித் திருப்பி எழுதியவர்கள். அயல் சமயத்தாரைப் பற்றி நம் வட்டத்தில் உலவும் கதைகளும் இவ்வாறே உலவுகின்றன. நமக்கு இழைக்கப்பட்டதை மறுக்க நான்கு படிகள் ஏறும் நாம், நம் வாயிலிருந்து பிறர்மேல் விழும் பழிக்கும் அதே நான்கு படிகள் ஏறக் கடமைப்பட்டிருக்கிறோம்.

புனித லூக்கா தம் நற்செய்தியைத் தொடங்கும் முறை நாம் அறிந்ததே. பலரும் முன்னரே எழுதியிருப்பதைக் குறிப்பிடுகிறார். தொடக்கமுதல் கண்ணால் கண்டவர்கள் வழியாகச் செய்தி வந்ததைச் சொல்கிறார். தாமும் அனைத்தையும் நுணுகி ஆராய்ந்து, தியோபிலுக்கு முறையாக எழுதுவதாக உரைக்கிறார். தூய ஆவியாரின் ஏவுதலால் எழுதியவரே கண்கண்ட சாட்சிகளைத் தேடினார் என்றால், அம்மாபேட்டையில் அமர்ந்து வாதக் கட்டுரை எழுதும் நம் பிள்ளைகள் நூலகத்தின் படியேறுவதும் இறைப்பணியின் ஒரு பகுதியே. அவர்கள் கையில் பேருந்துக் கட்டணத்தையும் ஒரு குறிப்பேட்டையும் கொடுத்தனுப்புவது பெற்றோராகிய நம் பங்கு.